பெரியதாழையில் கிடக்கும் மாமாவின் மரவள்ளம்: ஃபைபர் ஒட்டலாமா, ரிசார்ட்டுக்குக் கொடுத்துடலாமா?

பாளை மருமகள் கேட்டது:

எல்லாருக்கும் வணக்கம். இங்கே தோணி, வள்ளம், கட்டுமரம்னு நீங்கள்லாம் படம் போட்டுச் சண்டை போடுறதைப் பல நாளா வாசிக்கிறேன். எழுதுறது இப்பதான்.

எங்க மாமாவோட (வீட்டுக்காரர் அப்பா) வள்ளம் ஒண்ணு பெரியதாழையில வீட்டுக்குப் பின்னால கிடக்கு. 24 அடி நீளம். பலகை அயினி மரம்னு மாமா சொல்லிக் கேட்டிருக்கேன். உள்ளே வரிசையா வளைஞ்சு நிக்குற கட்டைக்குப் பேரு வங்குன்னு சொல்றாங்க, அது என்ன மரம்னு வீட்டுல யாருக்கும் தெரியலை. சுனாமிக்கு அப்புறம் ஊரே ஃபைபர் போட்டுக்கு மாறினப்ப மாமாவும் மாறினாங்க. ஆனா வள்ளத்தை விக்க மாட்டேன்னுட்டாங்க. பனையோலைக் கொட்டகை போட்டு, வருஷம் தவறாம மீன் எண்ணெய் பூசி வச்சிருந்தாங்க. மாமா தவறினதுக்கப்புறம் பூச ஆளில்லை. 2023 டிசம்பர் மழையில கொட்டகை சரிஞ்சு, வள்ளத்துக்குள்ள மழைத்தண்ணி தேங்கிக் கிடந்திருக்கு. அந்தச் சமயம் இங்கே பாளையங்கோட்டையில எங்க தெருவுலயே முழங்கால் தண்ணி. யாரு போய்ப் பாக்க முடியும்?

இப்ப ரெண்டு பேர் விலை பேசிட்டு நிக்காங்க. ஒருத்தர் ஃபைபர் பட்டறை வச்சிருக்கிறவர். வெளிப்பக்கம் முழுக்க ஃபைபர் மேட் போட்டு ரெசின் பசை அடிச்சுத் தர்றேன், அப்புறம் ஆயுசுக்கும் திரும்பிப் பாக்க வேண்டாம்கிறார். 70 ஆயிரம் கேக்குறார். இன்னொருத்தர் குற்றாலம் பக்கம் ரிசார்ட் கட்டுறவர். வள்ளத்தைக் குறுக்கே ரெண்டா அறுத்து, முன்பாதியை நட்டுக்க நிறுத்தி, தட்டு அடிச்சு ஜூஸ் பாட்டில் அடுக்கணுமாம். அவர் நமக்குப் பணம் தருவார்.

அத்தை ஒண்ணும் சொல்லலை. "அறுக்கிறதா இருந்தா நான் எங்க அக்கா வீட்டுக்குப் போன பெறவு அறுங்க"ன்னாங்க, அவ்வளவுதான். வீட்டுக்காரர் குவைத்துல இருந்து "உனக்கு எது சரின்னு படுதோ செய்"ங்கிறார். ஒன்பதாவது படிக்கிற மகனுக்கு அதை ஒரு தடவையாவது தண்ணியில மிதக்க விடணும்.

ஃபைபர் ஒட்டினா நிஜமாவே தாங்குமா? மிதக்க வைக்கணும்னா மொதல்ல என்ன செய்யணும்? எனக்கு இதுல முன்பக்கம் எது பின்பக்கம் எதுங்கிறதே இப்பதான் தெரியும். கொஞ்சம் விளக்கமா சொல்லுங்க.

நாங்குநேரி எக்ஸ்பிரஸ்:

இதுல யோசிக்க என்ன இருக்கு? ஃபைபர் அடிச்சு, நல்ல நீலப் பெயிண்ட் அடிச்சு, வீட்டு வாசல்ல வைங்க. ரீல்ஸ் எடுக்க ஊர் ஊரா வருவான்.

புன்னக்காயல்காரன்:

நான் கடலுக்குப் போறவன். உள்ளதைச் சொன்னா இங்க நிறைய பேருக்குக் கோவம் வரும்.

மரவள்ளம் அலையில நிக்குத நிதானம் ஃபைபருக்கு வராது, சரிதான். வலை இழுக்கும்போது சாயாது. ஆனா கரையேத்த எட்டு பேரு வேணும். இப்ப எட்டு பேருக்கு எங்க போக? ரெண்டு பேரு போய் ரெண்டு பேரு வாரோம். கனம் கூடினா இன்ஜினுக்கு எண்ணெய்ச் செலவு கூடும். வருஷத்துக்கு ஒருக்க காயப்போட்டு, சந்து அடைச்சு, எண்ணெய் போட்டு... அந்த நாளெல்லாம் தொழில் இல்லாத நாளு. சுனாமிக்குப் பெறவு நாங்க ஆசைப்பட்டு மாறல, கணக்குப் பாத்து மாறினோம். படம் புடிக்க வாரவங்க "ஐயோ மரவள்ளம் அழிஞ்சு போச்சே"ங்காங்க. அவங்க வந்து ஒரு நாளு தள்ளட்டும்.

தங்கச்சி, தொழிலுக்குன்னா வேண்டாம். ஆசைக்குன்னா செய்யுங்க. ஆனா அறுக்கக் குடுக்காதீங்க. அது வேற.

ஓடாவி பேரன், தூத்துக்குடி:

அக்கா, ஃபைபர்காரரை இப்போதைக்கு வரவேண்டாம்னு சொல்லிருங்க. குற்றாலத்துக்காரரையும்தான்.

எங்க தாத்தா பழைய துறைமுகத்துல ஓடாவி, அதாவது தோணி கட்டுத ஆசாரி. 300 டன் ஏத்துத தோணிக்கு ஏரா (அடியில நெடுக ஓடுத முதுகெலும்புக் கட்டை) போடுததுல இருந்து கடல்ல இறக்குதது வரைக்கும் கூட நின்ன ஆளு. நான் ஒரு ஏஜென்சி ஆபீஸ்ல கணக்கு எழுதுதேன். ஆனா பள்ளிக்கூடம் விட்டதும் அவங்க உளியைத் தீட்டிக் குடுக்கதும், பஞ்சுத் திரி முறுக்கிக் குடுக்கதும்தான் எனக்கு டியூஷன். அதனால கைவேலை கொஞ்சம் தெரியும், வாய்வேலை நெறைய.

ஃபைபர் ஏன் வேண்டாம்னு சொல்லுதேன். மரம் தண்ணியில ஊறினா பெருக்கும், வெயில்ல காஞ்சா சுருங்கும். பலகைக்கும் பலகைக்கும் நடுவுல இருக்க சந்து அந்த ஊறலை நம்பித்தான் அடையுது. மேல ஒட்டுத ஃபைபரு ஊறாது, சுருங்காது. உள்ள பலகை அசையுது, மேல தோலு அசைய மாட்டேங்குது, அப்ப எங்கயாவது ஒரு எடத்துல விட்டுத்தான் ஆவணும். அதுலயும் உங்க மாமா வருஷா வருஷம் மீன் எண்ணெய் குடுத்த பலகை. எண்ணெய் குடிச்ச மரத்துல பாலியஸ்டர் ரெசின் புடிக்கவே புடிக்காது. மொதல்ல ஏரா ஓரத்துல, மணல்ல உரசுத எடத்துல தூக்கும். அந்த வழியா தண்ணி உள்ள போவும், வெளிய வர வழி கெடையாது. இந்தப் பக்கம் ஒரு வள்ளத்துக்கு இப்படி ஒட்டினாங்க, பட்டறை பேரு நமக்கு வேண்டாம். ரெண்டு மூணு மழைக்காலம் போனதும் வெளிய பெயிண்டு பளபளன்னு இருக்கு, உள்ள கைய வச்சு அமுக்குனா டீயில முக்குன ரஸ்க்கு. ஃபைபர் இல்லாட்டி பலகை இத்துப் போனதை எப்பவோ கண்ணு பாத்திருக்கும்.

நல்லா உலந்த புதுப் பலகையில எபாக்சி போட்டுக் கட்டுதது வேற கதை. அது கட்டும்போதே அப்படி யோசிச்சுக் கட்டுதது. பழைய வள்ளத்துக்கு மேல போத்துதது பொணத்துக்குக் கோடி போத்துத மாதிரின்னு தாத்தா வைவாரு. கொஞ்சம் கடுமைதான், ஆனா அவரு யாரையும் மெதுவா வஞ்சு நான் கேட்டதில்ல.

உங்க வள்ளத்துக்கு வந்த கேடு கடலால இல்ல, மழையால. கடல் தண்ணி மரத்தை லேசுல இத்துப் போவ விடாது. இத்துப் போவ வைக்குத பூஞ்சைக்கு நல்ல தண்ணிதான் வேணும், காத்து இல்லாத மூலை வேணும். அமெரிக்காவுல பழைய மீன்பிடிக் கப்பல் கட்டும்போது வங்குக்கு வங்கு நடுவுல கல் உப்பைக் கொட்டி வைப்பாங்க, மேல இருந்து ஒழுகுத மழைத்தண்ணி உப்பாயிரும்னு. நாம உப்பளத்துக்கு நடுவுல குடியிருக்கோம், நமக்கு அது புதுசா? ஆனா ஒண்ணு. உப்பு மரத்துக்கு ஆவும், இரும்பாணிக்கு ஆவாது. அதனால உங்க கதையில ரெண்டையும் பாக்கணும்: பலகையையும் பாக்கணும், ஆணியையும் பாக்கணும்.

போய்ப் பாக்கும்போது ஒரு பழைய ஸ்க்ரூ டிரைவரும், ஒரு கொட்டாப்புளியும் (மரச் சுத்தியல்) கொண்டு போங்க. கொட்டாப்புளி இல்லாட்டி பூரிக்கட்டை போதும். பலகையை வரிசையா தட்டிக்கிட்டே வாங்க. நல்ல மரம் கிண்ணுன்னு பதில் சொல்லும், இத்தது பொத்துன்னு விழும். பொத்துன்னு கேட்ட எடத்துல ஸ்க்ரூ டிரைவரைச் சாச்சு குத்துங்க. முக்கியமா பாக்க வேண்டியது அணியத்துல, அதான் முன்பக்கத்துல, பலகையெல்லாம் வந்து சேருத முனை, ஏராவோட ஒட்டுத முதல் பலகை, அப்புறம் வங்குக்கு அடியில. வங்குக்கு அடியில குப்பையும் மீன் செதிலும் சேந்து கெட்டியா இருக்கும். அதைச் சொரண்டி எடுத்துட்டுப் பாருங்க, அங்கதான் தண்ணி ஒளிஞ்சு கெடக்கும். ஆணித் தலையைச் சுத்தி கருப்பு வளையம் போட்டிருந்தா இரும்பு துருப்புடிச்சு மரத்தையும் சேத்துக் கெடுத்திருக்குன்னு அர்த்தம். அந்த எடத்துல பழைய ஓட்டையிலயே புது ஆணி அடிச்சா நிக்காது.

வள்ளம் எது மேல உக்காந்திருக்குன்னும் பாருங்க. ரெண்டு பனந்தடி மேல மட்டும் வச்சிருந்தா, தாங்கல் இல்லாத எடம் தொங்கியிருக்கும். ஏரா நெடுக மணல் மூட்டை குடுத்து அண்டை வைங்க. மெதுவா, ஒரே நாள்ல தூக்கி நிமித்தப் பாக்காதீங்க, பலகை பிச்சுக்கிட்டு வந்துரும். நீலத் தார்ப்பாய் போட்டு இறுக்கி மூடுததும் வேண்டாம், உள்ள வேக்காடு புடிக்கும். மறுபடி ஓலைதான் நல்லது. பக்கவாட்டுல காத்து ஓடணும்.

இனி எல்லாரும் அவசரப்படுத எடம் ஒண்ணு இருக்கு. காஞ்ச வள்ளத்துல சந்து வெரல் போற அளவு தெறந்து கெடக்கும். பாத்ததும் பஞ்சைத் திணிச்சு அடிக்கத் தோணும். அடிச்சுராதீங்க! பஞ்சு அடிச்சுச் சந்து அடைக்குததுக்குப் பேருதான் கலப்பத்து. காஞ்ச சந்துல இறுக்கிக் கலப்பத்து அடிச்சு வள்ளத்தைத் தண்ணியில விட்டா, பலகை ஊறிப் பெருக்க எடம் இருக்காது. பஞ்சு வெளிய வராது, வங்குதான் ஒடியும். ஆணி தெறிக்கும். அதனால மொதல்ல ஊறப் போடணும். கோணிச் சாக்கை உள்ளயும் வெளியயும் விரிச்சு, காலையும் சாயங்காலமும் கடல் தண்ணி ஊத்தி, எப்பவும் ஈரமா வைக்கணும். ரெண்டு மூணு வாரத்துல முக்காவாசி சந்து தானா அடைஞ்சிரும். அடையாம நிக்குத சந்துக்கு மட்டும் திரி. உளியை வச்சு கொட்டாப்புளியால மெதுவா ஓட்டணும், பஞ்சு சந்துக்குள்ள போய் ஒக்காரணுமே தவிர உள்பக்கம் எட்டிப் பாக்கக் கூடாது. அதுக்கு மேல குங்கிலியத்தை எண்ணெயில காச்சிப் பூசுதது. அந்த வாடை எனக்கு இன்னைக்கும் புடிக்கும், வீட்டுக்காரிக்குப் புடிக்காது.

பலகை மாத்த வேண்டியிருந்தா அயினியே போடுங்க. செங்கோட்டைப் பக்கம் மரக்கடையில கேட்டா கெடைக்கும். ரசீதோட வாங்குங்க. வங்கு மாத்தணும்னா அது வேற தேடல். நேர்ப் பலகையை வளைவா அறுத்து வங்கு போடக் கூடாது, ரேகை குறுக்க வெட்டுப்பட்டு முதல் அலையிலயே விண்டுரும். வளைஞ்சு வளந்த கெளையே வேணும். கருவேலம், பூவரசு, வேம்பு. தாத்தாவோட திருச்செந்தூர் பஸ்ஸுல போனா அவரு சாமி கும்பிடப் போற ஆளு மாதிரியே வரமாட்டாரு. சன்னல் வழியா ரோட்டோர மரத்தைப் பாத்துக்கிட்டே வருவாரு. "அந்தப் பூவரசுல மூணாவது கெளை, பாரு, அணியத்துல இருந்து நாலாவது வங்கு." எனக்கு மரம் தெரியும், அவருக்கு மரத்துக்குள்ள இருக்க தோணி தெரியும். மரத்துக்காரன்கிட்ட வெல பேச எறங்கிருவாருன்னு ஆச்சி பயந்துக்கிட்டே வரும்.

உவரி அந்தோனியார் கதை உங்க அத்தைக்குத் தெரிஞ்சிருக்கும். போர்ச்சுகீசியக் கப்பல்ல காலரா வந்தப்ப, சுரூபத்தைச் செதுக்குனது அந்தக் கப்பலோட தச்சன்னுதான் ஊருல சொல்லுவாங்க. மணப்பாட்டுல மேட்டு மேல நிக்குத சிலுவையும் முறிஞ்ச பாய்மரத்துல செஞ்சதுன்னு சொல்லுவாங்க. இந்தக் கரையில கப்பல் மரத்தைச் சும்மா விறகாக்குன வழக்கம் கெடையாது, அதுக்காகச் சொன்னேன். ஜூஸ் பாட்டில் அடுக்குன வழக்கமும் கெடையாது.

பாத்துட்டு வந்து எழுதுங்க. படம் போடும்போது முழு வள்ளத்தை அழகா எடுத்துப் போடாதீங்க. அழுக்கா இருக்க மூலையை எடுத்துப் போடுங்க.

திசையன்விளை மாலுமி:

கப்பல்ல இன்ஜின் ரூம்ல வேலை. இப்பதான் சிக்னல் கிடைச்சுது.

ஓடாவி பேரன் அண்ணாச்சி சொன்ன வளைஞ்ச கிளை விஷயம் படிச்சதும் ஒண்ணு ஞாபகம் வந்துச்சு. 1841ல கட்டின சார்லஸ் மார்கன்னு ஒரு திமிங்கில வேட்டைக் கப்பல் அமெரிக்காவுல மிஸ்டிக்ங்கிற ஊர்ல இருக்கு. 2008ல பிரிச்சு வேலையை ஆரம்பிச்சு, 2014ல மறுபடி கடல்ல ஓட விட்டாங்க. அதுக்கு வளைஞ்ச ஓக் மரம் எங்கே கிடைச்சுதுன்னு நினைக்கிறீங்க? கத்ரீனா புயல்ல விழுந்த மரங்களைச் சேகரிச்சிருக்காங்க. பாஸ்டன் பக்கம் பழைய கடற்படைத் தளத்துல, தோண்டினப்ப மண்ணுக்குள்ள புதைச்சு வச்சிருந்த கட்டைகளும் கிடைச்சிருக்கு. உங்க தாத்தா அங்கே இருந்திருந்தா புயல் முடிஞ்ச மறுநாளே கோடாலியோட நின்னிருப்பார்.

ஆஸ்திரேலியாவுல ஹோபார்ட் துறைமுகத்துல ரெண்டு வருஷத்துக்கு ஒரு தடவை மரப்படகுத் திருவிழா நடக்கும், 1994ல இருந்து. நான் ஒரு தடவை போயிருக்கேன். ஊர்த் திருவிழா மாதிரிதான். என்ன, சப்பரத்துக்குப் பதிலா படகு. ரிட்டயர் ஆன வாத்தியார், டாக்டர், பிளம்பர்னு எல்லாரும் வார்னிஷ் படிஞ்ச நகத்தோட நின்னு ஒருத்தர் படகுல இன்னொருத்தர் குறை சொல்லிட்டு இருக்காங்க. ஆணி செம்பா பித்தளையாங்கிறதுல ரெண்டு கிழவர்கள் அரை மணி நேரம் சண்டை போட்டதைப் பார்த்தேன். முடிஞ்சதும் சேர்ந்து பீர் குடிக்கப் போயிட்டாங்க.

நம்ம மரமும் நம்ம கையும் அந்த உலகத்துக்குப் புதுசில்லை. இங்கிலாந்துல ஹார்ட்லிபூல்ல இன்னைக்கும் மிதக்கிற டிரிங்கோமலி போர்க்கப்பல் 1817ல பம்பாயில வாடியா குடும்பத்துத் தச்சர்கள் தேக்குல கட்டினது. யாழ்ப்பாணம் பக்கம் வல்வெட்டித்துறையில கட்டின அன்னபூரணிங்கிற பாய்க்கப்பலை ராபின்சன்னு ஒரு அமெரிக்கர் வாங்கி, மாசசூசெட்ஸ் மாநிலத்து கிளௌஸ்டர் வரைக்கும் கொண்டு போக வச்சார், 1938ல போய்ச் சேர்ந்துச்சு. ஓட்டிட்டுப் போனதுல வல்வெட்டித்துறை ஆட்களும் இருந்தாங்க. 2025 மே மாசம் கார்வார்ல நம்ம கடற்படை கௌண்டின்யாங்கிற பாய்க்கப்பலைச் சேர்த்துக்கிட்டாங்க. அஜந்தா ஓவியத்தைப் பார்த்துக் கட்டினது, பலகையை ஆணி இல்லாம கயிறால தைச்சது.

எனக்கு இருக்கிற வருத்தம் ஒண்ணுதான். அங்கே ஒரு சின்னப் படகை எடுத்துச் சரி பண்ணணும்னா கேட்க ஆள் இருக்கு, கூட நிக்கக் கூட்டம் இருக்கு. இங்கே அக்கா மாதிரி ஒருத்தர் தனியா நின்னு கேக்க வேண்டியிருக்கு.

பாளை மருமகள்:

ஞாயித்துக்கிழமை மகனோட போயிட்டு வந்தேன். பூரிக்கட்டையோடதான்.

ஏரா நெடுக கிண்ணுன்னுதான் கேட்டுச்சு. பின்பக்கம் தாழ்ந்து கிடந்ததால தண்ணி அங்கேதான் நின்னிருக்கு. அங்கே ஏராவை ஒட்டின பலகை ரெண்டு பக்கமும் ஒவ்வொண்ணு, ஸ்க்ரூ டிரைவர் பாதி உள்ளே போயிடுச்சு. எனக்கு வயித்தைக் கலக்கிடுச்சு. வங்குல மூணு விண்டிருக்கு. குப்பையைச் சுரண்டினப்ப வந்த நாத்தத்துல மகன் அன்னைக்குச் சாப்பிடலை. அணியத்துப் பக்கம் ஆணி அஞ்சாறுல கருப்பு வளையம் இருக்கு. மத்தபடி பலகை நல்லா இருக்கிற மாதிரிதான் படுது. அழுக்கு மூலை படம் எல்லாம் கீழே போட்டிருக்கேன்.

அணியத்துக்கு உள்பக்கம் ஒரு அலுமினியப் பதக்கம் ஆணியடிச்சு இருக்கு. தேய்ச்சுப் பார்த்தா அந்தோனியார். அது வள்ளம் இறக்கின அன்னைக்கு ஓடாவி அடிச்சதுன்னு அத்தை சொன்னாங்க. அத்தையும் கூட வந்து நின்னு, நான் தட்டின இடத்துலயே மறுபடி தட்டிப் பார்த்து, "இது நல்ல பலகைதான், நீ ஏன் இவ்வளவு பயப்படுறே"ன்னாங்க. நான் கல்யாணம் ஆகி வந்ததுல இருந்து வள்ளத்தைப் பத்தி அவங்க பேசிக் கேட்டது இதுதான்.

ரிசார்ட்காரர் விலையை ஏத்திச் சொல்லி மெசேஜ் போட்டிருக்கார். இன்னும் பதில் போடலை. ரெண்டு பலகை, மூணு வங்குன்னா செலவு தாங்குமா? இல்லை, இது வம்பை விலைக்கு வாங்குறதா?

ஓடாவி பேரன், தூத்துக்குடி:

படத்தைப் பாத்தேன். ஏரா நல்லா இருக்குன்னா வள்ளம் இருக்கு. ஏரா போயிருந்தா நானே ரிசார்ட்காரருக்குப் போன் நம்பர் குடுத்திருப்பேன்.

ரெண்டு பலகை, மூணு வங்கு, கொஞ்சம் ஆணி. இது பெரிய வேலை இல்ல. ஃபைபர்காரர் கேட்ட காசுக்குள்ள மரமும் ஓடாவி கூலியும் முடிஞ்சிரும்னுதான் எனக்குத் தோணுது. நேர்ல பாக்காம உறுதியாச் சொல்ல மாட்டேன். ஆனா வரிசை மாறக் கூடாது. மொதல்ல அண்டை, அப்புறம் வங்கு, அப்புறம் பலகை, அப்புறம் ஊறல், கடைசியா பஞ்சு. வங்கு நிக்காம பலகையைக் கழத்தினா வள்ளம் வாய் பொளந்துரும். ரெண்டு பக்கப் பலகையையும் ஒரே சமயத்துல கழத்தாதீங்க, ஒண்ணைப் பூட்டிட்டு மத்ததைத் தொடணும். கழத்தின பழைய பலகையைத் தூக்கிப் போட்டுராதீங்க. இத்திருந்தாலும் புதுசுக்கு அதுதான் அச்சு.

அதுக்கு முன்ன வள்ளத்தை அளந்து வைக்கணும். இதைத் தம்பிகிட்ட விடுங்க, ஒன்பதாம் வகுப்புக் கணக்கு போதும். அணியத்துல இருந்து பின் முனை வரைக்கும் நடுவுல ஒரு நூலை இழுத்துக் கட்டி, ரசமட்டம் பாத்துக்கணும். ரெண்டடிக்கு ஒரு அடையாளம். ஒவ்வொரு அடையாளத்துலயும் தூக்குக்குண்டு விட்டு, நூல்ல இருந்து அடி வரைக்கும் எவ்வளவு ஆழம், குண்டுக் கயித்துல இருந்து பலகை வரைக்கும் எவ்வளவு அகலம்னு அரையடிக்கு ஒரு தடவை எழுதணும். அதைக் கட்டம் போட்ட தாள்ல புள்ளி வச்சுச் சேத்தா வள்ளத்தோட உருவம் வந்துரும். எங்க தாத்தாவுக்கு இதெல்லாம் தேவப்படல, கண்ணுல இருந்துச்சு. கண்ணு அவரோட போயிட்டு. மதராஸ் மீன்வளத் துறையில இருந்த ஹார்னெல் துரை நம்ம கடற்கரைப் படகுகளைப் பத்தி 1920லயே எழுதி வச்சிருக்காரு. அவரு தூத்துக்குடி முத்துக்குளிப்பை எல்லாம் பாத்த ஆளு. நூறு வருஷம் கழிச்சும் நாம அளக்கலைன்னா எப்படி? நாளைக்கு வேலை பாதியில நின்னு போனாலும், தாள் இருந்தா இன்னொருத்தன் இதே வள்ளத்தைக் கட்டலாம்.

மாலுமித் தம்பி, கூட்டம் இல்லைன்னு யாரு சொன்னா? பழைய துறைமுகம் கேட்டுக்கு எதுத்த டீக்கடையில நாங்க நாலஞ்சு பேரு ஒக்காந்திருப்போம். கஸ்டம்ஸ்ல ரிட்டயர் ஆனவர் ஒருத்தர் அரையடித் தோணி செய்வாரு, உள்ள சுக்கான் கூட திரும்பும். ஒரு டிராயிங் வாத்தியாரு. மாலத்தீவுக்கு வெங்காயமும் செங்கலும் ஏத்திக்கிட்டு ஓடுன ஒரு தண்டல் (தோணித் தலைவர்), எண்பது வயசு, பருமல்ல, அதான் பாய் தொங்குத குறுக்குக் கட்டையில, பாய் கட்டுத முறையை இப்பவும் டீ கிளாஸும் கயிறும் வச்சுக் காட்டுவாரு. பீர் கெடையாது, பருப்பு வடைதான். சண்டை மட்டும் ஹோபார்ட்டுக்குக் கொறையாது. போன வாரம் வேப்ப வங்கா கருவேல வங்கான்னு ஆரம்பிச்சு, தண்டலும் வாத்தியாரும் இன்னைக்கு வரைக்கும் பேசல. உங்க வள்ளத்தைக் காட்டித்தான் சேத்து வைக்கணும்.

புன்னக்காயல் அண்ணாச்சி சொன்னது அத்தனையும் நெசம், எதையும் மறுக்கல. அண்ணாச்சிகிட்ட எனக்கு ஒரு கோரிக்கை உண்டு. வள்ளம் ரெடியானா மொதல்ல கடல்ல விடப் போறதில்ல. தாமிரபரணி முகத்துல, உங்க ஊர் ஆத்துல, அலை இல்லாத எடத்துல ஒரு வாரம் கட்டி வச்சு ஊற விடணும். நல்ல தண்ணி நெறைய கலக்குத எடத்துல மரத்தைத் துளைக்குத கடல் புழுவுக்கும் பொழப்பு கொஞ்சம் கஷ்டம். தள்ள எட்டு பேரு வேணும்னீங்க. நாங்க அஞ்சு பேரு, அதுல ரெண்டு பேருக்கு மூட்டு வலி. மிச்சத்துக்கு ஆளு பாத்துக் குடுங்க.

அக்கா, அப்புறம் கடலுக்கே கொண்டு போவணும்னு தம்பி அடம் புடிச்சா மீன்வளத் துறையில பதிவைப் பாக்கணும். 1983 சட்டப்படி பதிவு வேணும். மாமா பேர்ல இருந்த பழைய பதிவுத் தாள் வீட்டுல இருக்கும், தேடி வைங்க. பக்கவாட்டுல எழுதியிருக்க நம்பரைச் சொரண்டிராதீங்க.

வார ஞாயிறு நானும் கஸ்டம்ஸ்காரரும் பெரியதாழைக்கு வாரோம். சாப்பாடு எதுவும் தடபுடலா வேண்டாம், அத்தை மீன்குழம்பு வச்சா வேண்டாம்னு சொல்ல மாட்டோம். ரசமட்டக் குழாய் என்கிட்ட இருக்கு, வாங்காதீங்க. செங்கோட்டைக்குப் போன் போடணும், அதனால இத்த பலகை ரெண்டுக்கும் நீளம், அகலம், கனம் மூணையும் இன்னைக்கு ராத்திரிக்குள்ள அனுப்புங்க. கனத்தை ஓரத்துல அளக்காதீங்க, அங்க தேஞ்சிருக்கும். நடுவுல அளங்க.